உச்சி திரும்பிய பின் உண்ணாமை: கண்டி நாட்டு நோன்பும் இருதய நலமும்

கண்டி மாநகரிலே தலதா மாளிகையின் மாலைப் பூசைக்கு முரசொலி எழும்போது, உள்ளே எடுத்துச் செல்லப்படும் நிவேதனப் பாத்திரங்களிற் சோறும் இல்லை, கறியும் இல்லை. விடியற்காலையிலும் முற்பகலிலும் நிகழும் பூசைகளில் அன்னமும் கறிவகைகளும் முறைப்படி படைக்கப்படுகின்றன. மாலையிலோ ‘கிலன்பச’ எனச் சிங்கள மக்கள் வழங்கும் பானமும் வெற்றிலையுமே படைக்கப்படும். வாழ்ந்த காலத்தில் உச்சிப்பொழுதுக்குப் பின் உண்ணாத ஒருவரின் தந்ததாதுவுக்கு, அவர் மறைந்து ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அந்நியமம் வழுவாது காக்கப்படுகின்றது.

மேனாட்டு மருத்துவ உலகில் இக்காலத்திற் பெரிதும் பேசப்படும் ‘இடைவிட்ட நோன்பு’ என்னும் உணவுமுறையை இந்நியமத்தோடு ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். நாளின் இருபத்துநான்கு மணியில் ஆறு அல்லது எட்டு மணி நேரத்துள் உணவை முடித்துக்கொண்டு எஞ்சிய நேரம் வெறுவயிற்றோடு இருத்தல், கிழமையில் இரண்டு நாள் உணவைப் பெரிதுங் குறைத்தல், ஒன்றுவிட்டொரு நாள் உண்ணாதிருத்தல் என அது பலவகைப்படும். இதனால் உடற்பருமன் குறையும், குருதியமுக்கம் தணியும், இருதயம் நெடுங்காலம் பழுதின்றி இயங்கும் என்பது அதனை மேற்கொண்டோரின் நம்பிக்கை. “இதனை எம் முன்னோர் என்றோ அறிந்திருந்தனர்” என்று மேடையிற் கூறுவது எளிது, கேட்போருக்கும் இனிது. ஆயின், முன்னோர் எதற்காக உண்ணாதிருந்தனர், எவ்வேளையில் உண்டனர், எதனை உண்டனர் என ஆராய்ந்த பின்னரே அத்தகைய பெருமையைக் கொண்டாடுதல் தகும். அவ்வாராய்ச்சிக்குக் கண்டியினும் ஏற்ற இடம் அரிது. மலைகள் சூழ்ந்த அச்சிறு நகரிலே பௌத்தரும் சைவரும் இசுலாமியரும் தத்தம் நோன்புகளைத் தலைமுறை தலைமுறையாக அருகருகே நோற்று வந்துள்ளனர். அவர்தம் நோன்புக் கடிகாரங்களோ வேறு வேறு.

பிக்குகளுக்கு ‘விகாலபோசனம்’, அதாவது காலந்தவறிய உணவு, விலக்கென்பது விநய பிடகத்து விதி. அருணோதயம் முதல் உச்சிப்பொழுது வரை உண்ணலாம். சூரியன் உச்சி திரும்பியதும் மறுநாள் அருணோதயம் வரை திண்ணிய உணவு ஆகாது. இவ்விதி தோன்றிய காரணத்தை மச்சிம நிகாயத்திலே உதாயி என்னும் பிக்குவின் வாய்மொழியாகக் கேட்கின்றோம். காரிருளிற் பிச்சையேற்கச் சென்ற பிக்குகள் சாக்கடையில் வீழ்ந்தனராம். உறங்கிக்கொண்டிருந்த பசுவின்மேல் இடறினராம். மின்னலொளியிற் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, எதிரே நின்ற பிக்குவைக் கண்டு பேயென எண்ணி அலறினாளாம். ஆகவே, ஊராருக்கு இடையூறாகாமையும் துறவிக்குரிய அடக்கமுமே இவ்விதியின் முதன்மையான காரணங்கள் எனலாம். எனினும் உடல்நலம் முற்றாக மறக்கப்படவில்லை. இரவுணவை விட்டதனாற் பிணி குறைந்து, உடல் இலேசாகி, வலிமையும் சுகமும் உண்டாயின என்று புத்தர் தம் அனுபவமாகவே கூறும் பகுதியும் அந்நிகாயத்தில் உண்டு. அங்கே பேசப்படுவது உடலின் இலேசும் ஊக்கமுமே. இருதயத்தைப் பற்றியோ நாடிகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்தார் கண்ட உடற்கூற்று உண்மைகளைப் பழைய ஏட்டுக்குள்ளே புகுத்திப் படிப்பது வரலாற்றுக்கும் நன்றன்று, மருத்துவத்துக்கும் நன்றன்று.

இந்நியமம் கண்டி இராச்சியத்தில் எந்நாளும் ஒரே சீராகக் காக்கப்பட்டதென்று கருதுதல் தவறு. 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரத்திலே சிறைப்பட்டு, கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தை முதலிய கிராமங்களில் வாழ்ந்து, 1679ஆம் ஆண்டில் அரிப்பு வழியாகத் தப்பியோடிய ஆங்கிலேயன் ரொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த தன் நூலிலே பிக்குகளின் உணவைப் பற்றியும் எழுதியுள்ளான். அவர்கள் நாளொன்றுக்கு ஒரு வேளையே உண்ணலாம் என்று கூறிய அவன், பழமும் சோறும் நீருமாயிற் காலையிலும் மாலையிலும் உட்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துக் கூறுகின்றான். மாலைச் சோறு விநயத்துக்கு முரணானது. அந்நியனாகிய நொக்ஸ் பிழைபட விளங்கிக்கொண்டான் என்று தள்ளிவிடலாமாயினும், அவன் கூர்ந்து நோக்குபவன்; பத்தொன்பது ஆண்டுகள் அம்மக்களிடையே வாழ்ந்தவன். விதி தளரத் தொடங்கியிருந்ததென்று கொள்வதே பொருத்தமாகும். அதற்குப் பின் நேர்ந்தனவும் அக்கருத்துக்கே துணை நிற்கின்றன. 1697ஆம் ஆண்டில் இரண்டாம் விமலதர்மசூரியன் அரக்கான் தேசத்துப் பிக்குகளை வரவழைத்து உபசம்பதையை மீட்டான். அதுவும் சில பத்தாண்டுகளுள் அருகியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முறையான உபசம்பதை பெற்ற பிக்குகள் நாட்டில் இல்லை. ‘கணின்னான்சே’ எனப்பட்டோர் விகாரை நிலங்களை அனுபவித்துக்கொண்டு, பலர் மனைவி மக்களோடும் வாழ்ந்தனர்.

இந்நிலையை மாற்ற எழுந்தவரே வெலிவிட்ட சரணங்கரர். 1698ஆம் ஆண்டில் தும்பனைப் பகுதியிலே பிறந்த இவர், ‘சில்வத் சமாகம’ என்னும் ஒழுக்கச் சங்கத்தை அமைத்து, விகாரை வருவாயை நம்பாது வீடுவீடாகப் பிச்சையேற்று உண்டார். பிச்சை முற்பகலில் முடிந்துவிடும். உண்பதும் அதனோடு முடிந்துவிடும். சரணங்கரரின் இன்னொரு முகத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாலிமொழியில் இயற்றப்பட்ட ‘பேசச்ச மஞ்சூசா’ என்னும் மருத்துவ நூலுக்குச் சிங்களத்தில் உரை கண்டவரும் இவரே. ஈழத்தில் எழுந்த பாலி நூல்களுள் முற்றாக மருத்துவத்துக்கே உரியதென்ற சிறப்பு அந்நூலுக்கு உண்டு. நண்பகல் நியமத்தை மீண்டும் நிலைநாட்டிய துறவியார் ஒரு மருத்துவ நூலின் உரையாசிரியருமாயிருந்தமை தற்செயலாயினும் கருதத்தக்கதே.

உபசம்பதை பெற்றுத்தரத் தகுதியுடையோரைத் தேடிச் சீயதேசத்துக்குத் தூதனுப்பும் முயற்சி எளிதாக அமையவில்லை. ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் அனுப்பப்பட்ட முதற் தூது கப்பற்சேதத்தால் அழிந்தது. இரண்டாவது தூது செல்லும் வழியிலே மன்னன் இறந்தமையாற் பயனின்றி முடிந்தது. 1750ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கப்பலொன்றில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட மூன்றாவது தூதே, அயோத்தியா நகரத்து மன்னன் போரோமகோட்டின் ஆதரவு பெற்று, உபாலி தேரரோடு 1753ஆம் ஆண்டில் மீண்டது. அவ்வாண்டின் ஆடிப் பூரணையன்று மல்வத்தை விகாரையில் உபசம்பதை நிகழ்ந்தது. சீய நிகாயம் தோன்றியது. மல்வத்தையும் அஸ்கிரியும் இன்றளவும் அதன் இரு பெரும் பீடங்கள்.

இவையனைத்தையும் முன்னின்று நடத்திய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மதுரை நாட்டு நாயக்கர் வழிவந்தவன். சைவப் பழக்கங்களில் வளர்ந்தவன். அவன் திருநீறு அணிந்தமை, 1760ஆம் ஆண்டில் அவனைக் கொல்ல எழுந்த சதிக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பிக்குகள் உச்சி திரும்பியபின் உண்ணலாகாது என்னும் விதியைக் கண்டியில் மீண்டும் வேரூன்றச் செய்தவன் திருநீறணிந்த ஒரு மன்னன் என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது. சிங்கள வரலாறு, தமிழர் வரலாறு என வேலியிட்டுப் படிப்போருக்கு இம்மன்னன் எப்பொழுதும் ஒரு தொல்லை.

சரணங்கரர் 1778ஆம் ஆண்டிலே, எண்பது வயதிற் காலமானார். நண்பகலுக்குப் பின் உண்ணாமையே இந்நீண்ட வாழ்வுக்குக் காரணம் என்று எவரேனும் மகிழ்வாராயின், அதே நியமத்தைக் கைக்கொண்ட உபாலி தேரர் கண்டிக்கு வந்த மூன்றாம் ஆண்டில், 1756இல், இங்கேயே மறைந்தமையையும் அவர் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தனியொருவர் ஆயுளைக் கொண்டு உணவுமுறையை அளத்தல் பொருந்தாது.

விதியின் கடிகாரத்தை இனி நோக்குவோம். கண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை அளவில் உள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கு ஒரு மணி நேர வேறுபாடுதானும் இல்லை. ஆதலால் மல்வத்தைப் பிக்குவுக்கு உண்ணும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி. உண்ணா நேரம் பதினெட்டு மணி. இக்கால ஆய்வாளர் கடிகாரத்தை வைத்து வகுத்த அளவும் இதுவே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. இக்கட்டுரையின் பொருளுக்கு அதுவே உயிர்நிலை. பிக்குவின் ஆறு மணி காலையில் விடிந்தவுடன் தொடங்குகின்றது. இன்றைய நாகரிகர் பலர் காலையுணவை விட்டு, நண்பகலில் தொடங்கி இரவு எட்டு மணிவரை உண்கின்றனர். இருவரும் நோன்பிகள் என்றே பெயர் பெறுகின்றனர். ஒருவர் உண்டு முடிக்கும் வேளையிலே மற்றவர் தொடங்குகின்றார்.

சைவரின் நோன்பு இவ்விரண்டினும் வேறானது. அது நாள்தோறும் நிகழ்வதன்று. திதியும் நட்சத்திரமும் வாரமும் பற்றி வருவது. கண்டி நகரின் கட்டுக்கலைச் செல்வவிநாயகர் கோயிலிலும், சுற்றியுள்ள தோட்டக் கோயில்களிலும் வழிபடும் அடியார்க்குச் சதுர்த்தி, சஷ்டி, சிவராத்திரி, கேதாரகௌரி எனப் பல விரதங்கள் உண்டு. நாயக்கர் காலத்திலே மன்னரின் உறவினர் வாழ்ந்த குமாருப்பை வீதியிலும் இவற்றுட் பல நோற்கப்பட்டிருத்தல் வேண்டும் என ஊகிக்கலாம். விரதத்தின் இலக்கணத்தை ஆறுமுக நாவலர் தம் சைவ வினாவிடையில் வரையறுத்தபோது, மனம் பொறிவழி ஓடாமல் நிற்பதையே நோக்கமாகக் கூறினார். உணவை முற்றாக விடுதலையும் சுருக்குதலையும் ஒருங்கே ஏற்றார். கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசம் இருத்தல் சிறப்பு. இயலாதார் ஐந்து நாள் ஒருபொழுது உண்டு ஆறாம் நாள் மட்டும் உபவாசம் இருக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. உடலின் ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்னும் தெளிவு இவ்வொழுங்கில் அமைந்துள்ளது. திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் முன்னுண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பதையே வற்புறுத்தினாரன்றி, நெடிய பட்டினியை மருந்தாக விதித்தாரல்லர்.

பாரணையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஆறு நாள் அடங்கியிருந்த வயிறு ஏழாம் நாள் காலையில் வடையும் பாயசமும் பலவகைக் கறியுமாக நிறைக்கப்படுவது இல்லந்தோறும் காணும் காட்சி. விரதம் இருந்தவர்க்கு அஃது உரிமை என்று உறவினரும் வற்புறுத்துவர். இருதயத்தின் பக்கம் நின்று நோக்கினால், விரத நாளினும் பாரணை நாளே அஞ்சத்தக்கது.

மீரா மக்காம் பள்ளிவாசலைச் சார்ந்த கண்டி நகர முஸ்லிம்களும், அக்குறணை முதலிய ஊர்களில் வாழ்வோரும் நோற்கும் றமழான் நோன்பு, வைகறை முதல் சூரிய அஸ்தமனம் வரை நீரும் அருந்தாத நோன்பு. கண்டியில் அது எக்காலத்திலும் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக அமையும். வட ஐரோப்பாவிலோ கோடையிற் பதினெட்டு மணி நேரத்தையும் கடந்துவிடும். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் கொண்டு அந்தியில் நோன்பு திறப்பர். ஆகவே இந்நோன்பாளரின் உணவு முழுவதும் இரவிலேயே நிகழ்கின்றது. பிக்குவின் நியமத்துக்கு இது நேர்மாறு. ஒரே நகரத்தில், ஒரே சூரியனின்கீழ், ஒரு சாரார் உச்சியோடு உணவை நிறுத்த, மற்றொரு சாரார் அந்தியோடு தொடங்குகின்றனர். இரண்டையும் ‘இடைவிட்ட நோன்பு’ என்னும் ஒரே பெயரால் அடக்கி, ஒரே பயனை எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்திலே கண்டிச் சீமையின் மற்றொரு வரலாறும் குறுக்கிடுகின்றது. 1824ஆம் ஆண்டிற் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியிலே கோப்பித் தோட்டம் அமைக்கப்பட்டது முதலாக, தமிழகத்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். வழியிற் பசியாலும் கொள்ளைநோயாலும் மடிந்தோர் எண்ணற்றோர். 1867ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. தோட்ட மக்களின் அரைவயிறு மட்டும் மாறவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டப் பகுதிகளின் மரணவீதம் நாட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் மிக உயர்ந்தது. காலையில் ஒரு ரொட்டியும் வெறுந்தேநீரும் அருந்திக் கொழுந்து கொய்யச் சென்று, பொழுது சாயும்வரை பசித்திருந்த பெண்ணின் வயிற்றையும், விரதம் பூண்டவரின் வயிற்றையும் கடிகாரம் ஒன்றாகவே காட்டும். ஆயின் ஒன்று நோன்பு, மற்றொன்று பட்டினி.

இவ்வேறுபாடு உணர்ச்சியைப் பற்றியது மட்டுமன்று. இருதய மருத்துவத்திலும் அதற்கு இடம் உண்டு. இங்கிலாந்தின் பேராசிரியர் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதியிலே பழைய பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, எடை குறைந்து பிறந்த குழந்தைகள் வளர்ந்த பின் இருதய நோயால் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்று காட்டினார். தாயின் பட்டினி பிள்ளையின் இருதயத்திற் பல பத்தாண்டுகள் கழித்துத் தோன்றுகின்றது. தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு உலகின் பிற மக்களைக் காட்டிலும் இளவயதிலே ஏற்படுகின்றதென்று, இலங்கையும் பங்குகொண்ட பன்னாட்டு ஆய்வொன்று 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு கூறுகின்றது. அவர்க்கு அவ்வயதின் சராசரி ஐம்பத்துமூன்று. பிறர்க்கு அதனினும் ஐந்தாறு ஆண்டு கூடியது. பெரும்பாலார் பிழைப்புக்கு உழைக்கும் வயது அது. ஆகவே இருதயத்துக்கு நன்மை தரும் நோன்பு யாது என்னும் வினா இந்நாட்டவர்க்கு வெறும் பொழுதுபோக்கு வினா அன்று.

மேனாட்டு அறிவியல் இத்துறையிற் கால்வைத்தது எலிகளைக் கொண்டே. 1935ஆம் ஆண்டிலே கோர்னெல் பல்கலைக்கழகத்துக் கிளைவ் மக்கேயும் துணைவரும், சத்துக் குறையாது உணவின் அளவை மட்டும் குறைத்து வளர்த்த எலிகள் நெடிது வாழ்ந்தமையைக் கண்டனர். 1946ஆம் ஆண்டிற் சிக்காகோவிலே கார்ல்சனும் ஹொயெல்செலும் இடையிடையே பட்டினி போட்ட எலிகளின் ஆயுள் நீண்டமையை அறிவித்தனர். ‘இடைவிட்ட நோன்பு’ என்னும் தொடர் அவர்தம் கட்டுரைத் தலைப்பிலேயே உள்ளது. மனிதரைப் பற்றிய செய்தியைப் போரே தந்தது. ஜெர்மனியர் ஆட்சிக்குட்பட்ட நோர்வேயில் 1940 முதல் 1945 வரை உணவுக் கட்டுப்பாடு நிலவிய காலத்திற் குருதிச் சுற்றோட்ட நோய்களால் ஏற்படும் மரணங்கள் குறைந்தன என்று 1951ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது. கொழுப்பு குறைந்தது காரணமா, நடை கூடியது காரணமா, புகையிலை அரிதானது காரணமா என்று பிரித்தறிதல் எளிதன்று. அதே போர்க்காலத்தின் இறுதியில் மினசோட்டாவில் அன்செல் கீஸ் முப்பத்தாறு இளைஞரை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடலெடையிற் கால்பங்கை இழந்தனர். நாடித்துடிப்பு மிகத் தளர்ந்தது. இருதயத்தின் பருமனே சுருங்கிற்று. உணவின்மை ஓர் எல்லைவரை இருதயத்தின் சுமையைக் குறைக்கும். எல்லை கடந்தால் இருதயத்தையே உண்ணத் தொடங்கும்.

நியமத்தின் வேளையைச் சோதித்த ஆய்வுகள் மிகவும் பிந்தியவை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, நீரிழிவின் வாயிலில் நின்ற எண்மரை ஐந்து வாரம் காலை முதல் பிற்பகல் மூன்று மணிக்கு முன் ஆறு மணி நேரத்துள் உண்ணச் செய்தது. மற்றோர் ஐந்து வாரம் அதே அளவு உணவைப் பன்னிரண்டு மணி நேரத்தில் உண்ணச் செய்தது. அவர் உடலெடை குறையாதவாறு உணவு அளந்து கொடுக்கப்பட்டது. எனினும் ஆறு மணி நேர முறையில் இன்சுலின் நன்கு தொழிற்பட்டது; குருதியமுக்கத்தின் மேலளவும் கீழளவும் ஏறத்தாழப் பத்துப் பத்து அலகு இறங்கின. குருதிக் கொழுப்பின் ஒரு வகை ஏறியும் காணப்பட்டது என்பதை இம்முறையைப் போற்றுவோர் சொல்லாது விடுவதுண்டு. காலையில் உண்ணும் உணவை உடல் செவ்வனே கையாள்வதற்குக் காரணம் உயிரணுக்களில் அமைந்த நாட்கடிகாரம். அக்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

மறுபுறத்தில், நண்பகல் முதல் இரவு எட்டு மணிவரை உண்ணும் முறையைக் கலிபோர்னியாவில் நூற்றுப்பதினாறு பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்து, மூன்று வேளை உண்டோரைவிட அவர்க்குத் தனிப்பயன் எதுவும் ஏற்படவில்லை என 2020ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2022ஆம் ஆண்டிற் சீனத்துக் குவாங்சோவில் உடற்பருமன் உடைய நூற்றுமுப்பத்தொன்பது பேரிடம் ஓராண்டு நிகழ்ந்த ஆய்வோ, உணவின் அளவை இருசாராருக்கும் சமமாகக் குறைத்து, ஒரு சாராரை மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை உண்ணச் செய்தது. இரு சாராரும் மெலிந்தனர். நேரக் கட்டுப்பாடு எடுத்துக்கூறத்தக்க மிகைப்பயனைத் தரவில்லை. எட்டு மணிக்கும் குறைந்த நேரத்துள் உண்போரிடையே இருதய நோயால் இறப்போர் மிகுதி என்று 2024ஆம் ஆண்டிற் சிக்காகோ மாநாட்டிலே கூறப்பட்ட செய்தி பலரை அச்சுறுத்தியது. இருபதினாயிரம் பேர்வரை அடங்கிய கணக்காயினும், அவர்தம் உணவு நேரம் இரண்டே நாட்களின் நினைவைக் கேட்டுக் குறிக்கப்பட்டது. நோயாலோ வறுமையாலோ ஒருவேளை உண்டோரும் அதில் நோன்பிகளாயினர். பட்டினியையும் நோன்பையும் பிரிக்காத கடிகாரத்தின் பிழை இங்கும் புகுந்தது.

பூரணை நாளில் வெண்ணாடை உடுத்து எட்டுச் சீலம் காக்கும் கண்டி மக்களைப் போன்று, மாதம் ஒருமுறை நோன்பு நோற்போர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் உளர். அவர்கள் மோர்மன் திருச்சபையினர். அந்நோன்பை வழக்கமாகக் கொண்டோரிடத்து, இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுரு நாடிகளின் அடைப்புக் குறைவாகக் காணப்பட்டதென 2008ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. நோன்பு நோற்பவர் பிறவற்றிலும் அடக்கமுடையவராயிருத்தல் இயல்பாகையால், பயன் எதனால் விளைந்ததென்று அறுதியிட்டுக் கூறல் அரிது.

மாலைப் பூசையின் அப்பானத்துக்கு மீள்வோம். ‘கிலன்பச’ என்னும் சொல் ‘கிலான பச்சய’ என்னும் பாலித்தொடரின் திரிபு. நோயுற்றோர்க்குரிய துணைப்பொருள் என்பது அதன் பொருள். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு என்னும் ஐந்தும் நோயுற்ற பிக்குவுக்கு உச்சி கடந்தும் அனுமதிக்கப்பட்டன. காலப்போக்கில் நோயாளியின் மருந்து எல்லோருடைய மாலைப் பானமாயிற்று. அடியார் பத்தியோடு கொணர்வது பெரும்பாலும் சர்க்கரை கரைந்த தேநீரும் இனிய பழச்சாறுமே. இதன் விளைவை அறியச் சீயதேசத்தையே நோக்கலாம். 1753ஆம் ஆண்டில் இந்நியமத்தைக் கண்டிக்கு மீட்டளித்த அந்நாட்டிலே, பாங்கொக் சூலாலங்கோன் பல்கலைக்கழக ஆய்வாளர் பிக்குகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் மிகையெடை உடையோராயிருக்கக் கண்டனர். உச்சிக்குப் பின் அவர்கள் உண்ணவில்லை. முற்பகலில் மக்கள் படைத்த கொழுத்த உணவும், மாலையில் அருந்திய இனிப்புப் பானங்களும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. நொக்ஸ் கண்ட மாலைச் சோறு வேறுருவில் மீண்டும் வந்துவிட்டது.

நீரிழிவுக்கு மருந்துண்போரின் நிலை தனியே கூறத்தக்கது. 2001ஆம் ஆண்டிலே பதின்மூன்று நாடுகளில் நீரிழிவுடைய பன்னீராயிரம் முஸ்லிம்களிடம் நிகழ்ந்த ஆய்வு, றமழான் மாதத்திற் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு வீழ்ந்து மருத்துவமனை சேர நேர்ந்தவர் தொகை பன்மடங்கு கூடியதைக் காட்டிற்று. முதுமையில் தோன்றும் நீரிழிவு வகையில் அது ஏழரை மடங்கு. கந்தசஷ்டியில் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு உணவை விடும் சைவருக்கும், பூரணை நாளிற் காலையில் இன்சுலின் ஏற்றிக்கொண்டு உச்சியோடு நிறுத்தும் உபாசகருக்கும் அவ்வாபத்து உண்டு. நோயாளரும் வழிச்செல்வோரும் நோன்பை விடுத்து வேறு நாளில் நோற்கலாம் எனத் திருக்குர்ஆன் இடங்கொடுக்கின்றது. இயலாதார்க்கு ஒருபொழுது உணவை நாவலர் விதித்தார். விநயத்தின் இடமோ, மாலை தோறும் தந்ததாதுவின் முன் வைக்கப்படும் அப்பானத்தின் பெயரிலேயே இருக்கின்றது.